உங்களுக்குத் தெரியுமா? போக்கரில் சீட்டுதான் பேசும்

போக்கரில் ‘ஷோ’ வந்ததும் ஒருவர், “என்கிட்ட ஒரு ஜோடிதான்” என்று சொல்லிச் சீட்டை மல்லாக்க வைக்கிறார். எதிரே இருப்பவர் இரண்டு ஜோடியைக் காட்டி, நடுவில் குவிந்த சில்லுகளை வாரப் போகிறார். அப்போதுதான் பக்கத்தில் இருப்பவர் கவனிக்கிறார்: முதலாமவரிடம் இருப்பது வெறும் ஜோடி இல்லை, ஐந்து ஹார்ட் சேர்ந்த ஃப்ளஷ். பாட் யாருக்கு? “சொன்னது சொன்னதுதான்” என்று சிலர் நிற்பார்கள். ஆனால் விதி ஃப்ளஷ்காரர் பக்கம். வாய் சொன்னது கட்டுப்படுத்தாது. மேசையில் திறந்து கிடக்கும் சீட்டு எதைக் காட்டுகிறதோ அதுதான் கணக்கு. 2001-இல் தொடங்கிய போக்கர் டோர்னமெண்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன் தன் விதித்தொகுப்பில் இதை எழுதியே வைத்திருக்கிறது. பெருந்தொகை வைத்து ஆடும் போட்டியிலேயே வாய் தவறியவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. மொட்டை மாடியில் புளியங்கொட்டை வைத்து ஆடும் நண்பர்கள் அதைவிடக் கறாராக இருக்கத் தேவையே இல்லை.

*

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் சீட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஒரு கைக்கு ஒரே ஆள். யோசனை சொல்வது தவறு. ஆனால் ஷோவில் சீட்டைத் திறந்து வைத்த நொடியிலிருந்து நிலைமை தலைகீழ். தப்பாகப் படிக்கிறார்கள் என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அந்தக் கையில் பங்கெடுக்காமல் முன்பே விலகியவருக்கும் இந்த உரிமை உண்டு. “உனக்கென்ன, நீதான் ஆட்டத்துல இல்லையே” என்று அவர் வாயை அடைப்பவர்கள் விதியைப் புரட்டிப் பேசுகிறார்கள்.

*

தகராறுக்கும் காலக்கெடு உண்டு. அடுத்த ஆட்டம் தொடங்கும்வரைதான் முந்தைய கையைப் பற்றிக் கேள்வி எழுப்பலாம். அடுத்த ஆட்டம் எப்போது தொடங்குகிறது? சீட்டுப் போடும்போது அல்ல. கட்டை இரண்டாகப் பிரித்து முதல் தடவை கலைக்கும்போதே. அதற்குப் பிறகு “அய்யோ, அது ஸ்ட்ரெயிட் ஆச்சே!” என்று நினைவு வந்தால், வருத்தப்படலாம், சில்லைத் திருப்பிக் கேட்க முடியாது. ஜெயித்தவர் தானாக முன்வந்து கொடுத்தால் அது அவர் பெருந்தன்மை. கேட்டு வாங்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஆகவே வீட்டு ஆட்டத்தில் கலைப்பவர் அவசரப்படாமல் இருப்பதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். எல்லோரும் படித்து முடித்துத் தலையாட்டிய பிறகு சீட்டை எடுக்கட்டும்.

*

டெக்சஸ் ஹோல்டெமில் அதிகம் சண்டை வருவது ‘மூன்று ஜோடி’யில். மெதுவாகப் பார்ப்போம். ஒருவர் கையில் இரண்டு 4. இன்னொருவர் கையில் ஆஸ், 3. நடுவே எல்லோருக்கும் பொதுவாக விரியும் போர்டில் முதலில் விழுந்த மூன்று சீட்டு: ராஜா, 9, ஜாக்கி. இந்த இடத்தில் 4-காரர்தான் முன்னால் இருக்கிறார். அவரிடம் ஜோடி, எதிரியிடம் ஒன்றுமில்லை. நான்காவதாக இன்னொரு ராஜா. இப்போதும் 4-காரரே முன்னால்: ராஜா ஜோடி, 4 ஜோடி. ஐந்தாவதாக இன்னொரு 9 விழுகிறது. அவ்வளவுதான், எல்லாம் கவிழ்ந்தது. போர்டிலேயே ராஜா ஜோடியும் 9 ஜோடியும் வந்துவிட்டன. போக்கரில் ஒரு கைக்கு ஐந்தே சீட்டு. இரண்டு ஜோடி நான்கு சீட்டை எடுத்துக்கொள்ள, மிச்சம் ஓர் இடம்தான். அந்த ஓர் இடத்தில் 4-காரருக்குப் போர்டில் உள்ள ஜாக்கி. எதிரிக்கோ கையில் உள்ள ஆஸ். கையில் ஜோடியே இல்லாதவர் ஜெயிக்கிறார்!

தோற்றவர் “எனக்கு மூணு ஜோடி” என்று சொல்வது பொய்யில்லை. அவர் கண்ணுக்கு மூன்று ஜோடி தெரிகிறது. மூன்றாவது ஜோடிக்கு இடமில்லை என்பதுதான் விஷயம். இதையே இன்னும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்: எதிரியிடம் ஆஸுக்குப் பதில் 10 இருந்திருந்தால், இருவருக்குமே ராஜா, 9, ஜாக்கி கொண்ட அதே ஐந்து சீட்டு. பாட் சரிபாதி.

*

ஆறாவது சீட்டு என்று ஒன்று போக்கரில் கிடையாது. ஐந்து சீட்டும் சமமென்றால், மிச்சம் கையில் இருக்கும் சீட்டு எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை.

*

ஃபுல் ஹவுஸ் இரண்டு மோதினால் முதலில் பார்க்க வேண்டியது மூன்று சீட்டை, ஜோடியை அல்ல. மூன்று 4-உம் இரண்டு 2-உம் வைத்திருப்பவர், மூன்று 3-உம் இரண்டு ஆஸும் வைத்திருப்பவரைத் தோற்கடிப்பார். ஆஸ் கண்ணைப் பறிப்பதால் பலர் இங்கே ஏமாறுகிறார்கள்.

*

ஒமாஹா ஆட்டத்தில் கையில் நான்கு சீட்டு. அதில் சரியாக இரண்டு, போர்டிலிருந்து சரியாக மூன்று: இப்படித்தான் கை கட்ட வேண்டும். குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. போர்டில் நான்கு ஸ்பேட் கிடக்கிறது, கையில் ஸ்பேட் ஆஸ் ஒன்றே ஒன்று இருக்கிறது என்றால் ஹோல்டெமில் அது அசத்தலான ஃப்ளஷ். ஒமாஹாவில் அது ஃப்ளஷே இல்லை. ஹோல்டெம் பழகியவர்கள் முதன்முதலாக ஒமாஹா ஆடும் இரவில் ஒவ்வொரு ஷோவிலும் கையிலிருந்து எடுத்த இரண்டு சீட்டைத் தனியே முன்னால் தள்ளி வைக்கச் சொல்வது நல்ல பழக்கம்.

*

இனி நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு தகராறு. மூணு சீட்டு ஆடிப் பழகியவர் போக்கருக்கு வந்தால், “சீக்வென்ஸ்தான் பெரிசு, கலர் சின்னது” என்று சாதிப்பார். சீக்வென்ஸ் என்றால் அடுத்தடுத்த எண்கள், போக்கரின் ஸ்ட்ரெயிட்; கலர் என்றால் எல்லாம் ஒரே இனம், போக்கரின் ஃப்ளஷ். அவர் ஆட்டத்தில் அவர் சொல்வது சரி. போக்கரில் தப்பு. ஏன் இந்த முரண்? எது அரிதோ அது பெரிது என்பது பொது விதி. 52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வழிகள் உண்டு. அவற்றில் சீக்வென்ஸ் 720, கலர் 1,096. அதனால் மூணு சீட்டில் சீக்வென்ஸ் உயர்ந்தது. ஐந்து சீட்டு எடுத்தால் மொத்தம் 25,98,960 வழிகள். ஸ்ட்ரெயிட் 10,200, ஃப்ளஷ் 5,108. இங்கே ஃப்ளஷ்தான் அரிது, ஆகவே அதுதான் உயர்ந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் சண்டை இது. யாரையும் கேலி செய்யாமல் இந்த நான்கு எண்களைக் காட்டினாலே போதும்.

மூணு சீட்டில் ஒரு விதிவிலக்கும் உண்டு. மூன்றும் ஒரே எண்ணாக வரும் ட்ரெயில் 52 விதமாக வரலாம். ஒரே இனத்தில் வரிசையாக வரும் ப்யூர் சீக்வென்ஸ் 48 விதம்தான். அரிதானது ப்யூர் சீக்வென்ஸ் என்றாலும், ட்ரெயிலுக்குத்தான் முதல் மரியாதை.

*

ஆஸுக்கு இரண்டு முகம். 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் என்று முடிந்தால் மிகப்பெரிய ஸ்ட்ரெயிட். ஆஸ், 2, 3, 4, 5 என்று தொடங்கினால் மிகச்சிறிய ஸ்ட்ரெயிட். 2, 3, 4, 5, 6 கூட அதை அடித்துவிடும். மூணு சீட்டிலோ ஆஸ், 2, 3 என்பதைப் பல இடங்களில் இரண்டாவது பெரிய வரிசையாக எடுத்துக்கொள்வார்கள். குழப்பம் அங்கிருந்தும் வருகிறது. ராணி, ராஜா, ஆஸ், 2, 3 என்று சுற்றி வளைத்துப் போவது போக்கரில் செல்லாது.

*

ஹோல்டெமில் ஏழு சீட்டிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்கிறோம். அப்படிப் பார்த்தால் ஒரு ஜோடிகூட இல்லாத வெறுங்கை அமைவது சுமார் 17 சதவீதம். ஒரு ஜோடி அமைவது சுமார் 44 சதவீதம். வெறுங்கைதான் அரிது! ஆனாலும் ஐந்து சீட்டுக் காலத்து வரிசையை யாரும் மாற்றவில்லை.

*

2 முதல் 5 வரை எடுத்துவிட்டு 36 சீட்டில் ஆடும் ‘ஷார்ட் டெக்’ ஆட்டத்தில் ஃப்ளஷ், ஃபுல் ஹவுஸை அடிக்கும். ஆஸ், 6, 7, 8, 9 அங்கே ஸ்ட்ரெயிட். மூன்று ஒரே சீட்டு பெரிதா, ஸ்ட்ரெயிட் பெரிதா என்பதில் ஆடுபவர்களிடையே இரண்டு வழக்கங்கள் உண்டு. முதல் சீட்டு விழுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

*

“ஹாய்ல் சொன்னபடி” என்றால் ஆங்கிலத்தில் விதிப்படி என்று பொருள். எட்மண்ட் ஹாய்ல் 1742-இல் விஸ்ட் ஆட்டத்துக்கு நூல் எழுதியவர். அவர் இறந்தது 1769-இல். போக்கர் அமெரிக்காவில், நியூ ஆர்லியன்ஸ் பக்கமும் மிசிசிப்பி நதிப் படகுகளிலும் பரவியது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். போக்கர் பற்றி ஹாய்ல் ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது. அவர் பெயரைச் சொல்லி எத்தனை போக்கர் தகராறுகள் தீர்க்கப்பட்டிருக்கும்!

அந்த முதல் காலப் போக்கருக்கு 20 சீட்டுதான்: ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 10. நான்கு பேருக்கு ஐந்தைந்து போட்டால் கட்டு காலி. 52 சீட்டுக்கு மாறிய பிறகே ஃப்ளஷ் வந்தது. ஸ்ட்ரெயிட் அதற்கும் பின்னால். ஸ்ட்ரெயிட்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளச் சொல்லின 19-ஆம் நூற்றாண்டு விதிநூல்கள். பிரிட்டனில் அமெரிக்கத் தூதராக இருந்த ராபர்ட் ஷெங்க், ஆங்கிலேய நண்பர்களுக்காக டிரா போக்கர் விதிகளை எழுதிக் கொடுத்தார். 1872-இல் அது சிறு நூலாக அச்சேறியது. நண்பர்கள் வீட்டு ஆட்டத்துக்கு விதியை எழுதி வைக்கும் வழக்கத்துக்கு இவ்வளவு வயது.

*

ஒருவர் வேண்டுமென்றே “ஃப்ளஷ்!” என்று கத்துகிறார். எதிரி நம்பிச் சீட்டைக் கவிழ்த்துக் கழிவுக் குவியலில் எறிந்துவிடுகிறார். பிறகு பார்த்தால் ஃப்ளஷ் இல்லை. இங்கே நிலைமை சிக்கல். குவியலில் கலந்த சீட்டு செத்த சீட்டு. மேசையில் மிஞ்சியிருப்பவர் பாட்டை எடுத்துக்கொள்வார். தெரிந்தே பொய் சொன்னவருக்குப் போட்டிகளில் தண்டனை உண்டு. ஆனால் எறிந்த சீட்டு திரும்பி வருவது அரிது. அதனால்தான் அனுபவசாலிகள் எதிரியின் சீட்டைக் கண்ணால் பார்த்துப் படிக்காமல் தங்கள் சீட்டை விடவே மாட்டார்கள்.

வீட்டில்? எறிந்த இரண்டு சீட்டும் குவியலின் மேல் தனியாகக் கிடக்கிறது, அதுதான் என்று எல்லோருக்கும் தெரிகிறது என்றால், எடுத்துத் திறந்து பார்ப்பதுதான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து. நண்பனின் பொய்யால் நண்பன் தோற்கக் கூடாது. கலந்துவிட்டால் மட்டும் விட்டுவிடுங்கள். நினைவை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. தெரிந்தே பொய்க் கை சொல்கிறவரை அடுத்த வாரம் கூப்பிடாமல் இருப்பதில் தவறில்லை.

இதற்கு மாறாக, சீட்டு முழுவதும் திறந்து வைத்து, ஜெயித்த கை என்று தெளிவாகத் தெரியும் நிலையில், சீட்டுப் போடுபவர் தவறுதலாக அதை அள்ளிக் குவியலில் சேர்த்தாலும் அந்தக் கை சாகாது. எல்லோரும் பார்த்தாயிற்று அல்லவா?

*

தீர்ப்புச் சொல்வது யார்? போட்டியில் அதற்கென்று ஃப்ளோர் அதிகாரி இருப்பார். வீட்டில் வீட்டுக்காரர் என்பது வழக்கம். ஆனால் அந்தப் பாட்டில் வீட்டுக்காரருக்கே பங்கு இருந்தால்? அந்தக் கையிலிருந்து முதலில் விலகியவரிடம் விடலாம்; அவருக்கு லாப நட்டம் இல்லை. டைரக்டர்ஸ் அசோசியேஷன் விதித்தொகுப்பின் முதல் விதியே, அபூர்வமான சூழலில் எழுத்தை விட நியாயம் பெரிது என்பதுதான்.

*

ஹார்ட்டும் டைமண்டும் இரண்டுமே சிவப்பு. மங்கிய விளக்கில் ஃப்ளஷ் போலத் தோன்றி ஏமாற்றும். இதற்காகவே நான்கு நிறக் கட்டு உண்டு: ஸ்பேட் கறுப்பு, ஹார்ட் சிவப்பு, டைமண்ட் நீலம், கிளாவர் பச்சை. ஒரு கட்டு வாங்கினால் பல சண்டைகள் மிச்சம்.

*

போர்டில் கிடக்கும் ஐந்து சீட்டே எல்லோருக்கும் சிறந்த கையாக அமைவதுண்டு. அப்போது “எனக்கு ஒன்றுமில்லை” என்று சலித்துச் சீட்டைக் கவிழ்த்து எறிபவர் தன் பங்கைத் தானே இழக்கிறார். பங்கு வேண்டுமென்றால் ‘போர்டை ஆடுகிறேன்’ என்று சொல்லி இரண்டு சீட்டையும் திறந்து வைக்க வேண்டும்.

*

வாய்ச் சொல்லுக்கு மதிப்புள்ள போக்கரும் இருக்கிறது. பெரிய கைக்குப் பாதி, சிறிய கைக்குப் பாதி என்று பிரிக்கும் ஹை-லோ ஆட்டத்தைச் சில வீடுகளில் ‘அறிவிப்பு’ முறையில் ஆடுவார்கள். எல்லோரும் மூடிய கைக்குள் சில்லு வைத்து ஒரே நேரத்தில் விரிக்க வேண்டும். சில்லு இல்லையென்றால் சிறியது, ஒன்றென்றால் பெரியது, இரண்டென்றால் இரண்டுக்குமே போட்டி என்பது ஒரு வழக்கம். தவறாக அறிவித்தால், கையில் எவ்வளவு நல்ல சீட்டிருந்தாலும் அறிவித்ததுதான் செல்லும்.

*

போக்கரில் ஸ்பேடுக்கும் கிளாவருக்கும் ஏற்றத்தாழ்வு கிடையாது. ஐந்து எண்களும் ஒன்றென்றால் இரண்டு ஃப்ளஷும் சமம். “என்னுது ஸ்பேட்” என்பது வாதமே ஆகாது. பாதியாகப் பிரிக்கும்போது ஒற்றைச் சில்லு மிஞ்சினால் அது யாருக்கு? ஹோல்டெமில் டீலருக்கு இடப்பக்கமாக எண்ணிக்கொண்டு வந்தால், வென்றவர்களில் முதலில் வருபவருக்கு.