பாலில் யாரும் கலக்காத நஞ்சு

கம்பத்திலும் சின்னமனூரிலும் பால் பேச்சு எடுத்தால் முதல் கேள்வி, "தண்ணி கலக்குறாங்களா?" என்பதுதான். அடுத்து யூரியா, சோப்புத்தூள் என்று பயம் வளரும். 2018இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. உடலுக்குக் கேடு செய்யும் கலப்படம் அகப்பட்டது 12 மாதிரிகளில் மட்டும். 368 மாதிரிகளிலோ அளவுக்கு மீறிய அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நஞ்சு இருந்தது. அந்த 368இல் 88 தமிழ்நாட்டுப் பால். இங்கே எடுத்த மாதிரிகளே 551தான். எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம். பாக்கெட் பாலும் தப்பவில்லை. பச்சைப் பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இது கூடுதலாக இருந்தது.

இதை யாரும் ஊற்றிக் கலக்கவில்லை. மாடு தின்ற தீவனத்தோடு வந்தது.

பூசணம் பிடிக்கும் வழி

இந்த நஞ்சைச் சுரக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணம் வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் செழிக்கும். கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் மூன்றும் அதற்கு மிகவும் பிடித்தவை. 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. அவை தின்ற, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைத் துருவிப் பார்த்தபோதுதான் உலகத்துக்கு இந்த நஞ்சே தெரியவந்தது.

பூசணம் பிடித்த தீவனத்தில் இருப்பது அஃப்ளாடாக்சின் பி1. மாட்டின் ஈரல் அதை எம்1 ஆக மாற்றி, ஒரு நாளுக்குள் பாலில் இறக்கிவிடுகிறது. தின்றதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் பாலுக்கு வரும்; நிறையக் கறக்கும் கலப்பின மாட்டில் அது இன்னும் கூடும்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் முதல்போக அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றாக வரும் ஆண்டுகளில் வைக்கோல் ஈரத்தோடு படப்பில் ஏறுகிறது. மக்காச்சோளம் தார்ச்சாலையில் அரைகுறையாகக் காய்ந்து மூட்டைக்குப் போகிறது. எனக்கு இதைவிட வருத்தம் தருவது நம் பழக்கம் ஒன்றுதான். "நமக்கு ஆகாது, மாட்டுக்குப் போடு" என்று சொத்தைக் கடலையையும் பூத்துப்போன சோளத்தையும் ஒதுக்குகிறோம். நாம் ஒதுக்கியதில் ஒரு பங்கு மறுநாளே பிள்ளையின் டம்ளருக்கு வந்துவிடுகிறது.

காய்ச்சினால் போகாதா?

போகாது. காய்ச்சுவது காசநோய், புருசெல்லா போன்ற கிருமிகளைக் கொல்லும்; அதற்காகக் கட்டாயம் காய்ச்ச வேண்டும். ஆனால் அஃப்ளாடாக்சின் உயிருள்ள கிருமி அல்ல, ரசாயனம். அடுப்புச் சூடு அதைச் சிதைப்பதில்லை. பாலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் பன்னீரில் இன்னும் செறிவாகிறது. நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. பால் சொசைட்டியில் பார்ப்பது கொழுப்பும் பாலின் அடர்த்தியும். லாக்டோமீட்டருக்கு இந்த நஞ்சு அகப்படாது.

எவ்வளவு பயப்பட வேண்டும்?

அஃப்ளாடாக்சின் தாக்குவது ஈரலை. 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களில் மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தை உண்ட 397 பேருக்கு மஞ்சள்காமாலையும் வயிற்றில் நீர்க்கோப்பும் வந்தன. 106 பேர் இறந்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரி, ரமேஷ் பட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்த ஊர்களுக்குப் போய்க் காரணத்தைக் கண்டறிந்தார்கள்.

பாலில் வரும் அளவு அதோடு ஒப்பிடக் கூடியதல்ல. எம்1இன் வீரியமும் பி1இல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் ஈரல் புற்றுநோய்க்கு வழி செய்யும். ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. எடையோடு பார்த்தால் குழந்தைகள்தான் பெரியவர்களைவிட அதிகம் பால் குடிக்கிறார்கள். நம் நாட்டில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் வரை அனுமதி; ஐரோப்பாவில் அதில் பத்தில் ஒன்று. இதற்காகப் பிள்ளைக்குப் பாலை நிறுத்திவிடாதீர்கள். பாலில் கிடைக்கும் புரதமும் கால்சியமும் வேண்டியவை. சரிசெய்ய வேண்டிய இடம் தொழுவம்.

தொழுவத்தில்

புண்ணாக்கு, தீவன மூட்டைகளைச் சிமெண்ட் தரையில் நேரடியாகப் போடாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். மழைக்காலத்தில் மாதக்கணக்குக்குச் சேர்த்து வாங்க வேண்டாம். சோளத்தை ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்குள் வரும்வரை காயவைத்துக் கட்டுங்கள். கட்டிதட்டியது, பச்சையோ மஞ்சளோ பூத்தது, மக்கின வாடை அடிப்பது எதையும் கழுவியோ வெயிலில் போட்டோ மீட்க முடியாது. பூசணம் உதிர்ந்தாலும் நஞ்சு தங்கும். குழி தோண்டிப் புதைத்துவிடுவதே நல்லது.

யாரும் கலக்காமலே பாலுக்கு வரும் இன்னொன்று மருந்து: மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலையும் மருத்துவர் சொன்ன நாள்வரை ஊற்றக் கூடாது. அந்த 2018 ஆய்வில் 77 மாதிரிகளில் ஆண்டிபயாடிக் மிச்சம் அளவு மீறியிருந்தது.

கொழுப்புக்கு விலை உண்டு, நல்ல தீவனத்துக்கு விலை இல்லை என்கிறார்கள் கறவைக்காரர்கள். அது நியாயமான குறை. தீவனச் சோதனைச் செலவைத் தனி ஒருவர் தலையில் கட்டாமல் சொசைட்டியே ஏற்க வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. புதிதாக இறங்கும் ஒவ்வொரு லோடிலும் ஒரு மாதிரி எடுத்து அனுப்பலாம். கெட்ட தீவனத்தை நிறுத்திய மூன்று நான்கு நாளில் பாலில் எம்1 வடிந்துவிடும்.