வெயில் காயும் மீன்

ஓர் உயிருக்கு மனிதர் இட்ட பெயர், அவ்வுயிரின் இயல்பைக் கூறுவதோடு, அதனைக் கண்டவர் எங்கிருந்து கண்டார் என்பதையும் உணர்த்தும். இதற்குத் தக்க சான்றாக விளங்குவது, பெருங்கடல்களில் வாழும் சூரிய மீன். நீர்ப்பரப்பில் ஒருபக்கமாகப் படுத்து வெயில் காய்வதைக் கண்ட ஆங்கிலேயர் அதற்குச் சூரியனின் பெயரைச் சூட்டினர். வெளிறிய வட்ட உடலைக் கண்ட ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் நிலா மீன் என்றனர். லின்னேயஸ் 1758-இல், திரிகைக்கல்லைக் குறிக்கும் 'மோலா' என்னும் இலத்தீன் சொல்லை அதன் அறிவியற்பெயரில் அமைத்தார். ஞாயிறு, திங்கள், திரிகை ஆகிய மூன்றுமே நீருக்கு மேலிருந்து கண்டவர் இட்ட பெயர்கள். நீருக்கடியில் அம்மீன் என்ன செய்கிறது என்பதை அவற்றுள் ஒன்றும் கூறவில்லை.

முதலில் அதன் உடலமைப்பைக் காண்போம். பின்பாதியை வெட்டி எடுத்துவிட்டது போன்ற தோற்றம் உடையது இம்மீன். இதற்கு உண்மையான வால் இல்லை. முதுகுத் துடுப்பும் அடிப்புறத்திலுள்ள குதத் துடுப்பும் பின்னோக்கி நீண்டு இணைந்து, சுக்கான் போன்றதோர் உறுப்பாக அமைந்துள்ளன. வாலசைத்து நீந்த இயலாத இம்மீன், உயர்ந்து நிற்கும் மேல் துடுப்பையும் கீழ்த் துடுப்பையும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் அசைத்து முன்னேறுகிறது. பறவை இரு சிறகுகளைக் கொண்டு காற்றில் பறப்பதை இது ஒத்தது எனலாம்.

பல மீன்கள் நீரில் மிதக்க உதவும் காற்றுப்பையும் இதற்கு இல்லை. அதற்கு மாற்றாக, தோலுக்கடியில் தடித்த கூழ்மப் படலம் ஒன்று உள்ளது. காற்றுப்பை ஆழத்தின் அழுத்தத்தால் சுருங்கும். கூழ்மமோ அவ்வாறு சுருங்குவதில்லை. ஆதலால் இம்மீன் மேற்பரப்புக்கும் ஆழத்துக்கும் இடையே தடையின்றிச் சென்று வர முடிகிறது.

அவ்வாறாயின், அது ஏன் மேற்பரப்பில் அசையாது கிடக்கிறது? நோயுற்ற மீன் என்றும், நீரோட்டம் இழுத்த வழியே செல்லும் சோம்பேறி மீன் என்றும் முன்னாளில் கருதினர். ஜப்பானிய ஆய்வாளர் நக்கமுராவும் அவர்தம் குழுவினரும் மீன்களின் உடலில் ஒளிப்படக் கருவியையும் வெப்பமானியையும் பொருத்திக் கடலில் விட்டனர். 2015-இல் வெளிவந்த அவ்வாய்வு வேறொரு வாழ்க்கையைக் காட்டியது. பகற்பொழுதில் அம்மீன் 100 முதல் 200 மீட்டர் ஆழம் வரை மீண்டும் மீண்டும் இறங்கி, ஜெல்லி மீனுக்கு உறவான சைபனோஃபோர் என்னும் உயிர்களை உண்கிறது. ஆழத்து நீர் மிகவும் குளிர்ந்தது. அங்கே இழந்த உடல் வெப்பத்தை மீட்கவே அது மேலே வருகிறது. ஆழத்தில் வெப்பத்தை இழக்கும் வேகத்தைவிட மேற்பரப்பில் அதனைப் பெறும் வேகம் மிகுதி என்பதும் தெரியவந்தது. வெயில் காய்தல் சோம்பலன்று. அடுத்த வேட்டைக்குச் செய்யும் ஆயத்தமாகும்.

இன்னொரு தேவையும் உண்டு. இம்மீனில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகை ஒட்டுண்ணிகள் காணப்பட்டுள்ளன. மேற்பரப்பில் கிடக்கும்போது அல்பட்ராஸ் போன்ற கடற்பறவைகள் அவற்றைக் கொத்தி எடுக்கின்றன. நமக்கு அண்மையிலுள்ள பாலியின் நுசா பெனிடா தீவருகே, சிறு மீன்கள் கூட்டமாக வந்து சூரிய மீனின் உடலைத் தூய்மை செய்கின்றன.

வளர்ச்சியிலும் இது வியப்புக்குரியது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு சில மில்லிமீட்டர் அளவே உடையது; அதன் உடலில் முட்கள் இருக்கும். பேத்தை மீனின் உறவினம் இது என்பதற்கு அம்முட்களும் ஒரு சான்று. அமெரிக்காவின் மான்ட்டரே விரிகுடா நீர்வாழ் காட்சியகத்தில் 26 கிலோ எடையுடன் இருந்த மீன் ஒன்று, 15 மாதங்களில் 399 கிலோவாக வளர்ந்தது. 2021-இல் அசோர்ஸ் தீவுகளருகே இறந்து மிதந்த, இதே பேரினத்தைச் சேர்ந்த மீனொன்றின் எடை 2,744 கிலோ. எலும்பு மீன்களுள் இதனினும் எடைமிக்கது அளந்தறியப்பட்டதில்லை. இம்மீனின் மரபணுத் தொகுதி 2016-இல் வெளியிடப்பட்டது. சிங்கப்பூர் ஆய்வாளர்களும் பங்கேற்ற அவ்வாய்வு, வளர்ச்சி ஹார்மோனோடு தொடர்புடைய சில மரபணுக்கள் இதில் விரைவாக மாறியிருப்பதை எடுத்துக்காட்டியது.

இத்துணைப் பெரிய உயிரும் மனிதர் கண்ணுக்குத் தப்ப முடியும். தோல் மாதிரிகளின் மரபணுக்களில், அறியப்படாத இனம் ஒன்றின் தடயம் தென்பட்டது. மரியான் நியகார்ட் என்னும் ஆய்வாளர் அதனைப் பல ஆண்டுகள் தேடி, 2014-இல் நியூசிலாந்துக் கரையில் ஒதுங்கிய மீன்களில் கண்டறிந்தார். 2017-இல் அதற்கு 'மோலா டெக்டா' எனப் பெயரிடப்பட்டது. 'டெக்டா' என்றால் மறைந்திருப்பது என்று பொருள். அறியாமையை ஒப்புக்கொண்டு இட்ட பெயர் அது.

இன்று சூரிய மீன், அழிய வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் உள்ளது. பிற மீன்களுக்காக விரிக்கும் மிதவை வலைகளிலும் நீண்ட தூண்டில் வரிசைகளிலும் அது பெருமளவில் சிக்குகிறது. ஒரு பெண் மீனின் சூலகத்தில் 30 கோடி முட்டைகள் வரை இருக்கக்கூடும் என 1921-இல் மதிப்பிட்டனர். எனினும் அவற்றுள் மிகச் சிலவே வளர்ந்து பெரிதாகின்றன. ஆகவே, முட்டைகள் மிகுதி என்பதால் மீனும் மிகுதியாக இருக்கும் என நாம் அமைதி கொள்ள இயலாது.

வகுப்பறையில் இம்மீனைப் பற்றிப் பேசும்போது ஆசிரியர்கள் ஒரு வினாவை மாணவர்முன் வைக்கலாம்: அசையாது கிடக்கும் ஓர் உயிரைச் சோம்பேறி என்று சொல்லுமுன், அது எங்கே சென்று திரும்பியது என்று கேட்டோமா? சூரிய மீனிடம் அக்கேள்வியைக் கேட்டவர்க்கு 200 மீட்டர் ஆழத்திலிருந்து விடை கிடைத்தது.