கோதுமை ரொட்டி ஆகாத பிள்ளைக்கு மாச்சத்துக் கணக்கு

கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோ குறைந்தாலும் கணக்கப்பிள்ளையிடம் நின்று கேட்கிறோம். பிள்ளைக்குப் போடும் ரொட்டியில் அந்தக் கணக்கு நமக்கு ஞாபகம் வருவதில்லை. சீனி வியாதியுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அது வந்தே ஆக வேண்டும். அதே பிள்ளைக்குக் கோதுமையும் ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டால் இன்னும் கவனம் வேண்டும்.

"சீனி வியாதி வயசானவங்களுக்குத்தானே வரும்?" என்று பலர் கேட்பதுண்டு. சிறு பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிடும். இனிப்புத் தின்றதால் வந்ததல்ல, தாய் தகப்பன் செய்த பிழையுமல்ல. 1922ஆம் ஆண்டு கனடாவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்பு இந்த நோய் கண்ட பிள்ளைகள் அநேகமாகத் தப்பியதில்லை. ஆகவே, கசாயம் கொடுக்கிறோம், நேர்த்தி வைத்திருக்கிறோம் என்று ஊசியை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது.

இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு சீலியாக் என்ற குடல் நோயும் சேர்ந்து வருகிறது. கோதுமை மாவைப் பிசையும்போது பசைபோல இழுபடுகிறதல்லவா, அதற்குக் காரணம் குளூட்டன் என்ற புரதம். சீலியாக் உள்ள பிள்ளையின் உடம்பு அதை ஏற்காமல் தன் சிறுகுடலையே புண்ணாக்கிக்கொள்கிறது. வயிறு ஊதும், வயிற்றோட்டம் போகும், இரத்தம் குறையும், பிள்ளை வளராது. இரண்டாம் உலக யுத்தத்தில், 1944-45 குளிர்காலத்தில், ஒல்லாந்து நாட்டில் பாண் கிடைக்காமல் ஊரே பட்டினி கிடந்தது. இந்த நோய்ப் பிள்ளைகளோ தேறினார்கள். ஏற்கெனவே கோதுமையில் சந்தேகப்பட்டிருந்த டிக்கே என்ற டொக்டர் 1950இல் தன் ஆராய்ச்சியை எழுதி வைத்தார்.

அதற்காக, வயிறு வலிக்கிறது என்று நீங்களாகவே ரொட்டியை நிறுத்த வேண்டாம். இரத்தப் பரிசோதனைக்கு முன்பே நிறுத்தினால், நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடக்கூடும்.

சரி, நோய் இருப்பது நிச்சயமாகிவிட்டது. அம்மா கோதுமை மாவை ஒதுக்கி அரிசி மாவில் ரொட்டி சுடுகிறார். "கோதுமை இல்லாத ரொட்டிதானே, இன்னொன்று சாப்பிடு" என்று பாட்டி தட்டில் வைக்கிறார். இரவு பார்த்தால் சீனி எகிறி நிற்கிறது. குளூட்டன் வேறு, மாச்சத்து வேறு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் காபோவைதரேற்று என்று இருப்பதுதான் இந்த மாச்சத்து. சோறு, ரொட்டி, கிழங்கு, பழம், பால், சீனி எல்லாவற்றிலும் அது உண்டு. இரத்தத்தில் சீனியை ஏற்றுவது அதுதான். கோதுமை மா 100 கிராமில் சுமார் 75 கிராம் மாச்சத்து. அரிசி மா 100 கிராமிலோ சுமார் 80 கிராம்! குரக்கன் மாவில் 70 கிராம் அளவில்.

கணக்குப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். அரிசி மா அரைக் கிலோ பைக்கட்டில் 400 கிராம் மாச்சத்து இருக்கிறது. அதை முழுவதும் குழைத்து ஒரே அளவாக 10 ரொட்டி தட்டினால் ஒரு ரொட்டிக்கு 40 கிராம். 16 ரொட்டி தட்டினால் 25 கிராம். தேங்காய்ப்பூவில் மாச்சத்து கொஞ்சம்தான், அதை விட்டுவிடலாம். (அரிசி மாவைப் பச்சைத் தண்ணீரில் குழைத்தால் உதிரும். கொதிநீர் ஊற்றிக் குழைத்து வாழையிலையில் தட்டுங்கள்.) வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம், அவித்த உருளைக்கிழங்கில் 20 கிராம், வெந்த பருப்பில் 20 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். மரவள்ளிக்கிழங்கு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 38 கிராம் வரை வரும். ஒரு சிறு தராசு வாங்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் கிளினிக்கில் ஒரு தடவை நிறுத்துக் காட்டச் சொல்லி, பிள்ளைக்கென்று ஒரே கரண்டி, ஒரே கோப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் இரவுச் சாப்பாட்டைப் பாருங்கள். 40 கிராம் ரொட்டி ஒன்று, உருளைக்கிழங்கு 50 கிராம், பருப்பு 50 கிராம். 40, 10, 10 கூட்டினால் 60. "15 கிராமுக்கு 1 யூனிட்" என்று டொக்டர் சொல்லியிருந்தால் 4 யூனிட். இந்த 15 பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பக்கத்து லயத்துப் பிள்ளையின் கணக்கை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். காலையும் மாலையும் ஒரே அளவு ஊசி போடும் பிள்ளை என்றால், தினமும் அதே நேரத்தில் அதே அளவு மாச்சத்துக் கொடுக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

கோதுமை ஒளிந்து வரும் இடங்கள் பல. பாண், பனிஸ், பிஸ்கட், ரவை நமக்குத் தெரியும். ஆனால் கடை இடியப்பத்திலும் பிட்டிலும் கோதுமை மா கலந்திருக்கலாம். குரக்கன் ரொட்டிக்கு அதைக் கலப்பது நம் வீடுகளிலேயே வழக்கம். பெருங்காயத்தூள், சோயாமீட் பைக்கட்டுகளை வாசித்துப் பாருங்கள். பார்லியிலிருந்து வரும் மோல்ட் சேர்த்த பானங்களும் ஆகாது. எல்லோருக்கும் ஒரே ரொட்டிக்கல் என்றால், நன்றாகக் கழுவிவிட்டு பிள்ளையின் ரொட்டியை முதலில் சுட்டு மூடி வையுங்கள். பிள்ளைக்காம்பரா ஆயாவிடமும் டீச்சரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். ஒரு துண்டு பிஸ்கட்டும் குடலுக்குக் கேடு.

கை நடுங்கி, வியர்த்து, பிள்ளை சோர்ந்தால் சீனி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது ரொட்டி உதவாது. சிறு பிள்ளைக்கு 2, பெரிய பிள்ளைக்கு 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கோதுமையை நிறுத்திச் சில மாதங்களில் குடல் ஆறத் தொடங்கும். சாப்பிட்டது உடம்பில் ஒழுங்காகச் சேரும், சீனியும் கூடலாம். "பத்தியம் இருந்தும் கூடுதே" என்று மனம் விட வேண்டாம். சாப்பாட்டையும் சீனி அளவையும் எழுதிய கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால், ஊசியின் அளவை டொக்டர் அதைப் பார்த்து மாற்றித் தருவார்.