கூந்தற் பொருட்களும் கூந்தலின் நலமும்

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா, அன்றிப் பூவும் நெய்யும் சேர்வதால் மட்டும் அது வருவதா என்ற வினா, திருவிளையாடற் புராணத்திலே பாண்டியனின் சங்கத்தைக் கலக்கியது. மணம் செயற்கையே எனச் சாதித்த நக்கீரரைப் புலமைப் பிடிவாதத்தின் உருவமாகவே பலரும் நினைவு கூர்வர். ஆயினும் அவ்வினா இன்றும் பயனுடையது. கூந்தலின் இயல்பு எது, பூசப்படும் பொருளால் வருவது எது என்று பிரித்தறியாதவரை, வேருக்குப் போசாக்களிப்பதாக உரிமைகோரும் போத்தல்களை எடைபோட எம்மால் இயலாது. அப்பகுப்பையே நாம் இங்கு செய்ய முயல்கின்றோம்.

மயிரின் அமைப்பு

தோலுக்கு வெளியே வந்தபின் மயிர் உயிரற்ற பொருளாகும். உயிர், தோலினுள்ளே மயிர்ப்புடைப்பின் அடியிலுள்ள கலங்களிலேயே உண்டு. அங்கு தோன்றும் கலங்கள் கெரற்றின் என்ற புரதத்தால் நிறைந்து, இறந்து, இழையாக வெளியே தள்ளப்படுகின்றன. வளர்ச்சி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்றிமீற்றர். எனவே 60 சென்றிமீற்றர் நீளமான கூந்தலின் நுனி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு முன் தோலைவிட்டு வெளிவந்தது. அத்தனை காலத்து வெயிலையும் நீரையும் சீப்பையும் தாங்கியது. புண்பட்ட தோல் ஆறும். பிளந்த நுனி ஆறாது. ஆற்றுதற்கு அங்கே உயிருள்ள கலம் இல்லை.

இழையின் புறத்தே, கூரை ஓடுகள்போல் ஒன்றன்மேலொன்று படிந்த செதில்கள் உள்ளன. அவற்றின்மேல் மிக மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று நீரை விலக்கிநிற்கின்றது. உள்ளேயுள்ள கெரற்றின் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுகக் கட்டிவைத்துள்ளன. செதில்கள் படிந்திருந்தால் மயிர் மினுங்கும், கிளர்ந்தால் சிக்குப்படும், கந்தகப் பிணைப்புகள் அறுந்தால் முறியும். எந்தப் பொருளைப் பற்றியும் நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, இம்மூன்றில் எதனை அது தொடுகின்றது என்பதே.

கழுவும் பொருட்கள்

சவர்க்காரம் காரத்தன்மை உடையது. காரம் செதில்களைக் கிளர்த்தும். அன்றியும், வன்னீரிலுள்ள கல்சியம், மகனீசியம் ஆகியவற்றுடன் சேர்ந்து அது கரையாத கசடாக மயிரிற் படிந்துவிடும். சுண்ணக்கல் நிலமாகிய யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீரில் சவர்க்காரம் இலகுவில் நுரைக்காமை எம்மவர் அனுபவத்திற் கண்டதே. சீயாக்காய், தேசிக்காய், வெந்தயம் என்பவற்றை அவித்து முழுகிய வழக்கின் பொருத்தம் இங்கு புலனாகும். சீயாக்காயிலுள்ள சப்பொனின் என்னும் நுரைபொருள் வன்னீரிற் கசடாவதில்லை; தேசிப்புளியின் அமிலம் செதில்களைப் படியச் செய்யும்; வெந்தயத்தின் வழுவழுப்பு உராய்வைக் குறைக்கும். இவற்றை அவித்தவர்கள் இரசாயனம் கற்றவரல்லர். ஆயினும் தம் கிணற்று நீரை அறிந்திருந்தனர்.

1934இல் அமெரிக்காவில் 'டிரீன்' என்ற பெயருடன் செயற்கைக் கழுவுபொருளாலான ஷாம்பு விற்பனைக்கு வந்தது. வன்னீரிலும் நுரைப்பதே அதன் வெற்றிக்கு அடிப்படை. இன்று பல ஷாம்புகளில் உள்ள சோடியம் லோரில் சல்பேற்றும் அவ்வினத்ததே. அது புற்றுநோய் விளைவிக்கும் எனப் பரவும் பேச்சுக்கு ஆதாரமில்லை. ஆனால் அது வலிய கழுவுபொருள். எண்ணெய்ப்பசையை மிகையாக அகற்றி, உணர்திறன் மிக்க தோலை எரியச் செய்யவல்லது. மென்மையான கழுவுபொருட்களைச் சேர்ப்பதன் மூலம் இக்குறையைத் தணிக்கலாம்.

எண்ணெய்

சோடியம் லோரில் சல்பேற்றுக்கான மூலப்பொருட்களில் ஒன்று தேங்காயெண்ணெய் என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். அவ்வெண்ணெயின் கொழுப்பமிலங்களிற் பாதியளவு, 12 காபன் அணுக்களைக் கொண்ட லோரிக் அமிலமாகும். தலையில் வைப்பதற்கும், வைத்ததைக் கழுவுவதற்கும் மூலம் ஒரே காயிலிருந்தே கிடைக்கின்றது. 'இயற்கை', 'இரசாயனம்' என்ற பிரிப்பு விளம்பரத்துக்கு உதவுமேயன்றி விளக்கத்துக்கு உதவாது.

மயிர், நீரில் நனையும்போது தன் எடையில் ஏறத்தாழ 30 வீதம்வரை நீரை உறிஞ்சி வீங்கும், உலரும்போது சுருங்கும். இவ்வாறு மீண்டும் மீண்டும் நிகழ்வதாற் செதில்கள் தளர்ந்து புரதம் இழக்கப்படுகின்றது. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வொன்று, தேங்காயெண்ணெய் மட்டுமே இழையினுள்ளே ஊடுருவிப் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதாகக் காட்டியது. ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் இந்திய நிறுவனமொன்றைச் சேர்ந்தவர்கள் என்பதையும் வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். எனினும் லோரிக் அமிலத்தின் நேரான, குறுகிய மூலக்கூற்றமைப்பு இம்முடிவை விளக்கப் போதுமானது. ஆகவே முழுகுவதற்கு முன் எண்ணெய் வைத்தல் பயனுள்ள வழக்கமே. அது மயிரை வளர்ப்பதில்லை, வளர்ந்ததைக் காக்கின்றது.

பொடுகு உள்ளோர்க்கு இது பொருந்தாது. பொடுகுடன் தொடர்புடைய மலசீசியா என்ற பங்கசு, தலைத்தோலின் கொழுப்பையே உணவாகக் கொள்வது. பொடுகை 'வறட்சி' எனக் கருதி எண்ணெயை ஊற்றுவது அப்பங்கசுக்கு விருந்தாகிவிடலாம். அங்கு கீற்றோகொனசோல் போன்ற பங்கசுகொல்லி கலந்த ஷாம்புவே தக்கது.

நிறமாற்றலும் நேராக்கலும்

இதுவரை கூறிய பொருட்கள் பெரும்பாலும் மயிரின் மேற்புறத்தோடு நின்றுவிடுபவை. வெளிற்றுவதற்குப் பயன்படும் ஐதரசன் பரவொட்சைட்டு அவ்வாறன்று. அது நிறப்பொருளை அழிப்பதோடு, புறக்கொழுப்புப் படலத்தை நீக்கிக் கந்தகப் பிணைப்புகளையும் சிதைக்கும். கருஞ்சாயங்களிற் காணப்படும் பரா பீனைலீன் இரு அமீன், சிலரிடத்துக் கடுமையான ஒவ்வாமையை ஏற்படுத்தும். 'கறுப்பு மருதோன்றி' என விற்கப்படுவனவற்றிலும் இது கலக்கப்படுவதுண்டு. மருதோன்றியின் இயல்பான நிறமோ செம்மையே.

நேராக்கும் மருந்துகள் சிலவற்றில் போமல்டிகைட்டு உண்டு. அல்லது சூடேற்றும்போது அதனை வெளிவிடும் பொருள் உண்டு. மனிதரில் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாக அது சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகத்தால் வகைப்படுத்தப்பட்டது. 2011இல் அமெரிக்கத் தொழிற் பாதுகாப்புத் துறை, இம்மருந்துகளைக் கையாளும் சிகையலங்காரத் தொழிலாளர்க்கு அபாய எச்சரிக்கை விடுத்தது. அந்நாட்டில் 33,497 பெண்களைத் தொடர்ந்து அவதானித்து 2022இல் வெளியான ஆய்வொன்று, நேராக்கும் மருந்துகளை ஒருபோதும் பயன்படுத்தாதோரில் 70 வயதிற்குள் கருப்பைப் புற்றுநோய் காண்போர் 1.64 வீதமென்றும், அடிக்கடி பயன்படுத்தியோரில் 4.05 வீதமென்றும் மதிப்பிட்டது. இது தொடர்பைக் காட்டுவதேயன்றிக் காரணத்தை நிறுவுவதன்று. எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

இவ்விடத்து வாடிக்கையாளரை மட்டும் எண்ணுதல் போதாது. அவர் ஆண்டில் சில தடவைகள் அம்மருந்தின் ஆவியை முகர்கின்றார். காற்றோட்டமற்ற சிறு அறையில் நாள்தோறும் அதனை முகர்பவள், கூலிக்கு வேலை செய்யும் இளம்பெண். சிகையலங்காரத் தொழிலிற் பெறும் வெளிப்பாடுகள் புற்றுநோய் விளைவிக்கக்கூடியனவாகலாம் என மேற்குறித்த முகவரகம் 1993இலேயே மதிப்பிட்டிருந்தது.

போசாக்கு எங்கே?

போத்தல்களில் எழுதப்படும் 'புரதம்', 'விற்றமின்' ஆகியன இறந்த இழையின்மேற் படலமாக ஒட்டி மினுக்கமும் மென்மையும் தரலாம், அதனை உயிர்ப்பிக்கா. மயிரின் உணவு குருதி வழியாகவே வருகின்றது. இரும்புச்சத்துக் குறைவு, புரதக் குறைவு, கடுங்காய்ச்சல், பிரசவம் என்பவற்றின் பின் இரண்டு மூன்று மாதங்களில் மயிர் மிகுதியாக உதிர்வதுண்டு. அவ்வேளையில் வேண்டப்படுவது புதிய எண்ணெயன்று. குருதிப் பரிசோதனையும் போதிய உணவும் ஓய்வுமே. சோகையால் மயிர் உதிரும் தாய் ஒருத்தி, கீரைக்கும் மீனுக்கும் முட்டைக்கும் உரிய பணத்தை விலையுயர்ந்த போத்தலுக்குக் கொடுப்பாளாயின், விளம்பரம் அவளது கூந்தலை மட்டுமன்றி உடலையும் வஞ்சிக்கின்றது.

எனவே சேர்பொருட்களின் பெயர்கள் வாங்குவோர்க்கு விளங்கும் மொழியில் அச்சிடப்படவேண்டும் எனவும், சிகையலங்கார நிலையங்களிற் பணிபுரிவோர்க்குக் காற்றோட்டமும் கையுறையும் உறுதிசெய்யப்படவேண்டும் எனவும் கோருதல் நியாயமானது. எமது தாய்மாரின் முழுக்கு வழக்கத்தை முழுதாய்ப் போற்றவோ முழுதாய்த் தள்ளவோ வேண்டியதில்லை. அதிற் பயனுள்ளது எதனால் பயனுள்ளதென அறிந்து கொள்வதே போதுமானது.