இசை பயிலும் அறையும் ஒலியின் இயல்பும்

குளியலறையிலே பாடுவோன் தன் குரலைத் தானே வியந்துகொள்வதுண்டு. சீமெந்து பூசிய சுவர்கள் அவன் எழுப்பிய ஒலியைத் திருப்பித் திருப்பி அளித்து, மெலிந்த குரலையும் நிறைந்த குரலாகக் காட்டுகின்றன. பொழுதுபோக்காகப் பாடுவோனுக்கு இதனால் நட்டமில்லை. ஆனால், நாள்தோறும் வைகறையில் எழுந்து சரளிவரிசையும் அலங்காரமும் சாதகம் செய்யும் மாணவன் அத்தகைய அறையில் அமர்வானாயின், அவன் கேட்பது தன் குரலையன்று. சுவர் திருத்திக் கொடுத்த குரலையே. குருவின் முன்னிலையிலோ மேடையிலோ அச்சுவர் துணைக்கு வாராது. செவி பிழையாகப் பழகிவிட்டால் அதனை மீட்டெடுத்தல் எளிதன்று. ஆதலின், வீட்டில் இசைக்கென அறையொன்றை ஒதுக்குவோர் வாத்தியத்தின் விலையைச் சிந்திக்கும் அளவுக்கேனும் சுவரின் இயல்பையுஞ் சிந்தித்தல் வேண்டும்.

இத்துறை கணக்கு முறையில் வளர்ந்தமைக்குக் காரணர் வாலஸ் கிளெமென்ற் சேபின் என்னும் அமெரிக்கப் பௌதிக ஆசிரியர். 1895 ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகத்திலே புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபமொன்றில், பேசிய சொல் ஐந்தரைச் செக்கன் வரை அடங்காது நின்றது. ஒரு வாக்கியம் முடியுமுன் அதன் முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் ஒன்றோடொன்று மோதின. இக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு இளைஞரான சேபினிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கொன்றின் ஆசன மெத்தைகளைத் தருவித்து, ஊர் அடங்கிய நள்ளிரவுகளில், ஓகன் குழல் ஒன்றை ஒலித்து நிறுத்தி, ஒலி மறையும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. அறையின் கனவளவு பெருகினால் எதிர்முழக்க நேரம் பெருகும். ஒலியை உறிஞ்சும் பரப்பு பெருகினால் அது குறையும் என்னும் விதி இவ்வாறு பிறந்தது. 1900 இல் திறக்கப்பெற்ற பொஸ்ரன் இசை மண்டபம் அவருடைய ஆலோசனையுடன் எழுந்ததாகும்.

உறிஞ்சலை அளக்க அவர் கொண்ட அலகு திறந்த யன்னலாகும். யன்னல் வழியே சென்ற ஒலி மீளாதாகலின், ஒரு சதுர அடி திறந்த யன்னல் ஓர் அலகு எனப்பட்டது. கன அடியிற் கொண்ட கனவளவை 20 ஆற் பிரித்து, வருவதை உறிஞ்சல் அலகுகளின் தொகையாற் பிரித்தால், ஒலி தன் ஆற்றலிற் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைவதற்குச் செல்லும் செக்கன்கள் ஏறத்தாழக் கிடைக்கும்.

12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமுமுடைய சீமெந்து அறையொன்றைக் கொள்க. கனவளவு 1200 கன அடி. உட்பரப்பு 680 சதுர அடி. பூசிய சுவர் விழும் ஒலியில் நூற்றில் மூன்று பங்கையே உறிஞ்சுமெனக் கொண்டால் ஏறக்குறைய 20 அலகுகள். பாடுபவனுக்கு 4 அலகுகள். எதிர்முழக்கம் இரண்டரைச் செக்கன். துரித காலத்தில் செக்கனுக்கு எட்டுச் சுரம் பாடுவானாயின், ஒரு சுரம் தன் ஆற்றலிற் பாதியை இழக்குமுன் அடுத்த சுரம் அதன்மேல் ஏறிவிடும். பிருகா தெளிவாக விழுந்ததா, வழுக்கிச் சென்றதா என்பதை எந்தச் செவி பிரித்தறியும்?

இனி, 4 அடிக்கு 3 அடியான இரு யன்னல்களைத் திறந்துவிடின் 24 அலகுகள் கூடும். மடிப்பு நிறைந்த தடித்த பருத்தித் திரை 64 சதுர அடி தொங்கவிடின் மேலும் 32 அளவில் சேரும். மொத்தம் 80, நேரம் முக்காற் செக்கன். இப்போது ஒரு சுரம் எழுமுன் முந்தியது பத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். சிறிய சாதக அறைக்கு இவ்வளவு போதும். இதனினும் மிகக் குறைத்தால் குரல் வறண்டு கேட்கும்; பாடுவோன் அதை நிறைக்க முயன்று தொண்டையை வருத்துவான்.

திரை எல்லாவற்றையுந் தீர்க்கும் என்று எண்ணுதலும் தவறு. மெல்லிய துணி உச்ச ஒலிகளையே உறிஞ்சும். தம்பூரின் மேற்சுரங்கள் மங்க, மிருதங்கத்தின் தொப்பி மாத்திரம் முழங்கிக்கொண்டிருக்கும் அறைகள் இவ்வாறு உண்டாகின்றன. ஓலைப்பாய் விரிப்பதாற் பெரும்பயன் இல்லை. முட்டை அடுக்கும் காகிதத் தட்டுகளைச் சுவரெங்கும் ஒட்டுவோரும் தாழ்ந்த ஒலியளவில் ஏமாறுகின்றனர். தாழ்ந்த ஒலிக்குத் தடிப்பு வேண்டும், அல்லது பின்னே காற்றிடம் வேண்டும். மூலையில் நிறுத்திய பஞ்சு மெத்தை ஒன்று, சுவரோடு ஒட்டிய பல முழத் துணியினும் சிறந்தது. முகட்டுக்கு மெல்லிய பலகை அடித்த பழைய வீடுகளில் அப்பலகையே தானதிர்ந்து தாழ்ந்த ஒலியைத் தணிக்கும்.

அறையின் அளவும் சுரத்தோடு விளையாடும். ஒரு கட்டைச் சுருதியின் ஆதார ஷட்ஜம் செக்கனுக்கு ஏறத்தாழ 131 அதிர்வுகள் உடையது. நமது வெப்பநிலையில் அதன் அலைநீளம் சுமார் எட்டேமுக்கால் அடி. அறையின் அகலமும் அதுவேயாயின் பரிவு உண்டாகி, நடுவில் இருப்போனுக்கு ஷட்ஜம் வீங்கிக் கேட்கும். சுவரிலிருந்து இரண்டடிக்குச் சற்று அப்பால் இருப்போனுக்கு அதே ஷட்ஜம் மெலியும். சுருதிப்பெட்டியை இயக்கிவிட்டு அறையிலே மெல்ல நடந்து பார்ப்போர் இதனைத் தாமே உணரலாம். நீள அகல உயரங்கள் சமமாயிருப்பின் பரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று குவியும். சதுரக் கூடம் இசைக்கு ஆகாமைக்குக் காரணம் இதுவே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடரங்கின் அகலத்தை ஏழு கோலாகவும் நீளத்தை எட்டுக் கோலாகவும் கூறுகின்றது. இவ்வளவுகள் ஒலியை நோக்கியே வகுக்கப்பெற்றன என்று துணிவது மிகைபடக் கூறலாகும். எனினும் சமமில்லாத பக்கங்கள் ஒலிக்குத் தீங்கன்று.

அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுக. எதிரெதிரே வெறுஞ் சுவர்கள் 10 அடி இடைவெளியில் இருப்பின், செக்கனுக்கு 57 முறை என்னும் வேகத்தில் ஒலி தத்தி, வண்டு முரல்வதுபோல் கேட்கும். இரண்டிலொரு சுவரில் நூல்கள் ஒழுங்கின்றி நிறைந்த அலுமாரியை வைத்தாற் போதும். இரு சுவரையும் மூடவேண்டியதில்லை.

அயலாருக்கு ஒலி செல்லாமற் காத்தல் வேறொரு காரியம். திரையும் மெத்தையும் அறைக்குள்ளே முழக்கத்தைக் குறைப்பனவேயன்றி வெளியே செல்வதைத் தடுப்பனவல்ல. அதற்குப் பாரமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். திறந்த யன்னலோ இதற்கு நேர்மாறானது. ஒரு புறம் முற்றத்தை நோக்கித் திறந்த நாற்சார் வீட்டின் விறாந்தையில் ஒலி சுருண்டு நில்லாது வெளிச்செல்லும். பிள்ளையின் சாதகத்தை அயலாரும் கேட்பர். நெருங்கிய மதில்களும் தட்டையான கொங்கிறீற்றுக் கூரையும் உள்ள இக்கால வீடுகளிலோ, யன்னலைச் சாத்தினால் முழக்கம், திறந்தால் அயலாரின் முறைப்பாடு. இரண்டுக்கும் அஞ்சுவோர் யன்னலைச் சாத்தி, அதன் அலகுகளுக்கு ஈடாக மற்றொரு மெத்தையைச் சுவரோரம் நிறுத்துவதே வழி.