தோலில் வரும் லிம்போமா: பெயர் ஒன்று, போக்கு வேறு வேறு

இடுப்பிலோ பிட்டத்திலோ செதில் செதிலாக ஒரு தடிப்பு. படர்தாமரைன்னு நினைச்சு ஒரு களிம்பு, எக்ஸிமான்னு இன்னொரு களிம்பு என்று வருடங்கள் ஓடும். குறைகிற மாதிரி இருக்கும், மறுபடி வரும். கடைசியில் பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'லிம்போமா' என்று வந்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி: "எத்தனை நாள் டாக்டர்?"

அந்த ஒற்றைச் சொல்லை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்த வகை, எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தே பதில் மாறும்.

லிம்போசைட் எனும் வெள்ளை அணுக்களில் உருவாகும் புற்றுநோய்தான் லிம்போமா. பெரும்பாலும் நிணநீர் முடிச்சுகளில் தொடங்கும். சிலருக்குத் தோலில் மட்டுமே தொடங்கும். இரண்டும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் குணம் வேறு. 'அனாபிளாஸ்டிக்' என்ற வகை நிணநீர் முடிச்சில் வந்தால் பல மருந்துகள் சேர்ந்த கீமோதெரபி வேண்டும். அதுவே தோலில் ஒற்றைக் கட்டியாக வந்தால் வெட்டி எடுப்பதோ கதிர்வீச்சோ பெரும்பாலும் போதும். சுமார் 95% பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள். இதனால்தான் 2005-ல் உலக சுகாதார நிறுவனமும் ஐரோப்பிய புற்றுநோய் ஆய்வு அமைப்பும் சேர்ந்து, தோல் லிம்போமாக்களுக்கென ஒரே வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டன. 2018-ல் அது புதுப்பிக்கப்பட்டது.

அதில் அதிகம் காணப்படுவது 'மைகோசிஸ் ஃபங்காய்டிஸ்'. பெயரைக் கேட்டால் பூஞ்சைத் தொற்று என்றே தோன்றும். பூஞ்சைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1806-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் அலிபேருக்கு அந்தக் கட்டிகள் காளான் போலத் தெரிந்தன. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இதன் முதல் நிலையைக் கணிக்க உள்ளங்கையே அளவுகோல். விரல்களோடு சேர்த்து ஒருவரின் உள்ளங்கை, அவர் உடல் தோலில் ஏறக்குறைய 1%. தடிப்புகள் பத்து உள்ளங்கைக்குள் அடங்கி, கட்டியும் இல்லை, நிணநீர் முடிச்சிலும் ரத்தத்திலும் நோய் இல்லை என்றால், பெரும்பாலானோரின் ஆயுள் அதே வயதுக்காரர்களின் ஆயுளைவிடப் பெரிதாகக் குறைவதில்லை. சிகிச்சையும் களிம்பு, புற ஊதாக்கதிர் என்ற அளவில்தான். கட்டிகள் தோன்றினாலோ உள்ளுறுப்புகளுக்குப் பரவினாலோ நிலைமை வேறு.

கடுமையானவையும் இருக்கின்றன. உடல் முழுக்கச் சிவந்து, தாங்க முடியாத அரிப்புடன், ரத்தத்திலும் புற்றணுக்கள் திரியும் 'செசாரி' நோயில் ஐந்தாண்டைக் கடப்பவர்கள் ஏறக்குறைய 36% பேர்தான். பி செல் வகைகளில் இரண்டு மிக மெதுவானவை. 95 முதல் 99% பேர் ஐந்தாண்டைத் தாண்டுகிறார்கள். ஆனால் முதியவர்களின் காலில் வேகமாக வளரும் 'லெக் டைப்' கட்டியில் அது 56%.

மாநிறத் தோலில் இன்னொரு சிக்கல். மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் சிவப்பாக இல்லாமல் வெளிறிய திட்டுகளாக, இளம் வயதிலேயே வரலாம். தேமல், வெண்புள்ளி, தொழுநோய் என்று குழப்பும். ஆறுதல் என்னவென்றால், இந்த வகை பெரும்பாலும் மெதுவாகவே நகரும்.

ஆரம்ப கட்டத்தில் ஒரே பயாப்ஸியில் நோய் பிடிபடாமல் போவது சகஜம். அதனால், ஆடை மறைக்கும் இடத்தில் மாதக்கணக்கில் ஆறாத தடிப்பு இருந்து, முதல் ரிப்போர்ட் 'சாதாரணம்' என்று வந்தாலும், மறுபடி எடுக்க வேண்டுமா என்று தோல் மருத்துவரிடம் கேட்கலாம். எந்தெந்தக் களிம்பு எத்தனை நாள் போட்டீங்க என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டு களிம்பு நோயின் அடையாளத்தையே மங்கச் செய்துவிடும்.