இலவச விளையாட்டின் கணக்கு

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதை மாணவர்களாகிய நீங்கள் அறிவீர்கள். சென்ற ஆண்டு அங்கே பொம்மைப் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். சூளை ஆறவேண்டியிருந்ததால் வேலை நின்றிருந்தது. ஓர் இளைஞர் கைப்பேசியில் வண்ண மிட்டாய்களை வரிசை சேர்த்துக்கொண்டிருந்தார். அதற்குக் காசு உண்டோ என வினவினேன். "ஒரு காசும் இல்லை ஐயா" என்றார். பட்டறை முதலாளி குறுக்கிட்டு, "கொலுப் பொம்மையைப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவரால் எனக்கு ஒரு பயனும் இல்லை. இவர்கள் சும்மா கொடுத்து எப்படிப் பிழைக்கிறார்கள்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்று நான் கூறிய விடையையே இன்று உங்களுக்கும் கூறுகிறேன்.

அவர் ஆடியது 'கேண்டி கிரஷ் சாகா'. கிங் என்னும் நிறுவனம் 2012ஆம் ஆண்டு வெளியிட்டது. பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க முற்பட்ட 2014ஆம் ஆண்டில், அந்நிறுவனம் தன் கணக்கை வெளியிட நேர்ந்தது. 2013ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் அதன் விளையாட்டுகளை மாதந்தோறும் சுமார் 30 கோடிப் பேர் ஆடினர். பணம் கொடுத்தவர் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேரே. நூற்றுக்கு நால்வர்! அந்த நால்வர் ஏனைய தொண்ணூற்றறுவரின் செலவையும் சேர்த்துச் சுமந்தனர்.

அந்த நால்வரைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? ஆடுவோருக்கு ஐந்து உயிர்கள் தரப்படுகின்றன. தோற்றால் ஓர் உயிர் போகும். அது திரும்ப அரைமணி நேரம் ஆகும். ஐந்தும் தீர்ந்தவர் காத்திருக்கலாம். நண்பரிடம் கேட்டுப் பெறலாம். அன்றிப் பணம் கொடுக்கலாம். பொறுமையுள்ளவர், சுற்றம் உள்ளவர், அவசரமுள்ளவர் என ஆடுவோர் தாமாகவே மூன்று இனமாகப் பிரிந்துவிடுகின்றனர். நண்பரை அழைப்பவரும் வீண் அல்லர். புதிய ஆட்களைக் கூலியின்றிச் சேர்த்துத் தருபவர் அவரே.

பணமே கொடாதவரிடமிருந்து வருவாய் பெறும் வழியும் உண்டு. மும்பையில் உருவாகி 2016ஆம் ஆண்டு வெளிவந்த 'லூடோ கிங்', 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் வீடுதோறும் ஆடப்பட்டது. அதில் இடையிடையே விளம்பரம் தோன்றும். அங்கே விற்கப்படும் சரக்கு நம் பார்வை, வாங்குபவர் விளம்பரதாரர். பட்டறைக்காரருக்குக் கிடைக்காத வசதி இது.

மிகுதியாகச் செலவிடும் சிலருக்கு இத்தொழிலில் 'திமிங்கலம்' என்று பெயர். சூதாட்ட விடுதிகளிலிருந்து வந்த சொல். (வேட்டையாடுபவர் யார் என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது.) பணம் வைத்துப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்ய 2025ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நான் பேசுவது அவற்றைப்பற்றி அன்று. இவற்றில் வெல்வதற்குப் பணமே இல்லை, இழப்பதற்கு மட்டும் உண்டு.

திமிங்கலம் என்றால் செல்வர் என்று எண்ணிவிடாதீர்கள். என் தமக்கையின் மகன் கல்லூரி மாணவன். தேர்வுக் கட்டணத்துக்கென வைத்திருந்த பணம், இருபதும் முப்பதுமாக, ஒரே மாதத்தில் இத்தகைய விளையாட்டு ஒன்றில் கரைந்துவிட்டது. எந்த நாளிலும் அவன் நூறு ரூபாயைத் தாண்டவில்லை. இவ்விளையாட்டுகள் பலவற்றில் விலை ரூபாயில் இராது. முதலில் ரூபாயைக் கொடுத்துப் பொற்கட்டியோ நாணயமோ வாங்கவேண்டும். பின்னர்ச் செலவாவது பொற்கட்டிதானே என்ற எண்ணம் வந்துவிடும். தன் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது அவனே நம்பவில்லை. கட்டணத்தை என் தமக்கை கடன் வாங்கிக் கட்டினாள்.

இவற்றைக் கேட்ட முதலாளி, இளைஞரை நோக்கி, "நீ எந்த இனம்?" என்றார். அவருடைய ஐந்தாவது உயிர் அப்போதுதான் போயிருந்தது. "சூளைக்காரன் ஐயா, காத்திருக்கிற இனம்" என்று கூறிக் கைப்பேசியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, சூளை ஆறிற்றா என்று பார்க்க எழுந்து போனார்.